திறப்புத் துவாரத்தில் ஒரு தையல்காரி

மச்சாள்,

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பூசைக்குப் பூ ஆய முற்றத்துக்குப் போனேன். ரோசா இலையொன்றின் ஓரத்தில் ஒரு வட்டம் காணாமற் போயிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டினாலும் அவ்வளவு சுத்தமாக வராது. பக்கத்து இலையில் போயிருந்தது வட்டமல்ல, சற்று நீண்ட முட்டை வடிவத் துண்டு. பூத்தட்டைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன். "நீள வெட்டு சுவருக்கு, வட்ட வெட்டு மூடிக்கு" என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டது. இரண்டு வெட்டும் ஒரே செடியில் இருக்கிறதென்றால், எங்கேயோ ஓர் அறை முடிந்து மூடியும் போட்டாயிற்று என்று அர்த்தம்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைகளை முடித்துக்கொண்டு நாங்கள் திரும்பி வந்து அதிக நாளில்லை. அங்கே எல்லாரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை. இன்று அந்த இலையைக் கண்டதும் வந்துவிட்டது. என் மனுசன், உங்கள் தம்பி, குசினி வாசலில் நின்று, "என்னப்பா, முள்ளுக் குத்திப் போட்டுதே?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

சம்பூரிலிருந்து நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, வெள்ளைக்காரன் துறைமுகத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போய்க் கொஞ்சக் காலம்தான். உங்கள் தம்பிக்கு டொக்யாட் களஞ்சியத்தில் வேலை. வீட்டில் மாமி, நீங்கள், நாங்கள் இருவர். உங்களுக்குச் செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தமெல்லாம் சாதகத்தைக் கண்டதும் திரும்பிப் போனதால், கடைசியில் தம்பிக்கு முந்திக் கலியாணம் செய்துவிட்டார்கள். அக்காவைத் தாண்டிக்கொண்டு வருகிற மருமகளை அந்த அக்கா எப்படிப் பார்ப்பாவோ என்று என் அம்மா பயந்துகொண்டே என்னை அனுப்பினார்.

வந்த கிழமையே நான் உங்களிடம் ஓடி வந்து சொன்னேன்: "மச்சாள், ரோசாவை மான் கடிச்சுப் போட்டுது." கோட்டைப் பக்கத்து மான்கள் அந்நாளில் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வரும்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். "மான் கவராயம் வைச்சே கடிக்கும்? உங்கட சம்பூர் மான் அப்பிடியோ?"

எனக்கு முகம் கறுத்துப் போயிற்று. நீங்கள் என் தோளைப் பிடித்து, "கோவிக்காத. அசையாமல் நில்லு. இப்ப வருவாள்" என்றீர்கள். வந்தாள். கறுப்பு உடம்பு, வயிற்றின் அடியில் மட்டும் மஞ்சள் மயிர். இலையின் விளிம்பில் உட்கார்ந்து, தன்னையே சுற்றிக்கொண்டு வெட்டினாள். கடைசி நூல் அறுகிற நேரத்தில் இலைத் துண்டோடு அவளும் விழப்போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் விழவில்லை. துண்டைச் சுருட்டிக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு எழும்பிப் போனாள். பச்சைத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் போகிற ஒருத்தி மாதிரி இருந்தது.

"தையல்காரி" என்றேன்.

நீங்கள் கைகொட்டிச் சிரித்தீர்கள். அன்றுமுதல் அவளுக்கு அதுதான் பேர். நம் இருவருக்குள் மட்டும் வழங்கிய பேர்.

நான் பள்ளிக்கூடம் கண்டது கொஞ்சம். எழுத்தைத் தேவாரப் புத்தகத்திலும் சாமான் சுற்றி வந்த கடதாசியிலும் கூட்டிக் கூட்டிப் படித்தேன். கணக்கும் அப்படித்தான். எதையும் வரவு, செலவு, மிச்சம் என்று பார்க்கிற புத்தி எனக்கு. உங்களுடைய புத்தி வேறு. கிணற்றடியில் வாளி பாதியில் தொங்க, வேலியில் எது எந்தத் துளைக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். மாமி குசினியிலிருந்து, "எடி பிள்ளை, தண்ணியோ தவமோ?" என்று கத்துவார்.

ஒருநாள் காற்றுக்கு வேலியில் செருகியிருந்த காய்ந்த பப்பாசித் தண்டு முறிந்து விழுந்தது. எடுத்துப் பிளந்தீர்கள். உள்ளே சுருட்டுப் போல இலைச் சுருள்கள், ஒன்றின் பின் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் மஞ்சள் களி, அதன்மேல் ஒரு வெள்ளை முட்டை. உள்ளே தள்ளியிருந்தவற்றில் முட்டை புழுவாகியிருந்தது. நீங்கள் அந்தக் களியைத் தொட்டு நாக்கில் வைத்தீர்கள். "சீ, மச்சாள்!" என்றேன்.

"பூ மாவும் தேனும். கொஞ்சம் புளிக்குது. இது தேனீச் சாதிதான் பிள்ளை. குளவியெண்டா உள்ளுக்க புழுவைப் பிடிச்செல்லே அடைச்சிருக்கும்."

"தேனீயெண்டா கூட்டமாயெல்லே இருக்கும்?"

"இவள் தனிச்சவள். ராணியும் இல்லை, வேலைகாரரும் இல்லை. தானே வெட்டி, தானே கட்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு அறை, ஒரு அறைக்கு ஒரு சாப்பாடு. பிறகு வாசலை அடைச்சிட்டுப் போயிடுவாள். திரும்பி வந்து பாக்க மாட்டாள்."

"அப்ப பிள்ளையளை ஆர் வளர்க்கிறது?"

"அதுதானே எல்லாம் வைச்சுச் சாத்திப் போட்டுப் போறாள். இனியென்ன வளர்ப்பு?"

பிளந்த தண்டைப் பழையபடி பொருத்தி, வாழைநாரால் கட்டி, வேலியிலேயே செருகி வைத்தீர்கள்.

பின்னேரங்களில் இன்னொரு வேடிக்கை. வாலில் நீலக் கோடு போட்ட வேறு சாதித் தேனீக்கள், காய்ந்த குச்சியைப் பல்லால் கடித்துக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி நித்திரை கொள்ளும். "பார், வீடு கட்டிறதெல்லாம் பொம்பிளையள். அதுகள் உள்ளுக்க படுக்குங்கள். ஆம்பிளையளுக்கு வீடில்லை. வேலிதான்" என்பீர்கள். வேலையால் வந்து சைக்கிளைச் சாத்துகிற உங்கள் தம்பிக்கு நாம் ஏன் சிரிக்கிறோம் என்று கடைசிவரை விளங்கவில்லை.

வருடங்கள் போயின. என் மடியில் ஒன்றும் தங்கவில்லை. கந்தசட்டி பிடித்தேன், நேர்த்தி வைத்தேன், அரசமரம் சுற்றினேன். மாமி என்னை ஒரு வார்த்தை குத்தியதில்லை. ஆனால் கப்பல்துறையிலிருந்து மாமியின் தம்பி, எங்களுக்கு மாமா, அடிக்கடி வரத் தொடங்கினார். ஒருநாள் நான் குசினியில் கோப்பி ஊற்றிக்கொண்டிருக்க, விறாந்தையில் அவர் கதைத்தது அப்படியே கேட்டது.

"அக்கா, பெடியனுக்கு வயசு போகுது. சம்பூராளைக் கொஞ்சக் காலம் தாய் வீட்டில விட்டு வையுங்கோ. என்ர மூத்தவள் இருக்கிறாள்தானே. உரிமைப் பெட்டை. வெளியில போக வேணுமே?"

மாமி பாக்கு வெட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. உங்கள் தம்பி எழும்பிச் சைக்கிளடிக்குப் போய்விட்டார். தாய்மாமனுக்கு முன்னால் கதைத்துப் பழகாத மனிதர்.

அந்த நாட்களில்தான் தையல்காரி நடு அறை அலுமாரியின் திறப்புத் துவாரத்துக்குள் போய்வரத் தொடங்கினாள். அது மாமியின் அலுமாரி. கூறைச்சேலை, நகை, வெள்ளித் தட்டம், சாதகங்கள் எல்லாம் அதற்குள். திறப்பு மாமியின் இடுப்புச் சாவிக்கொத்தில். நல்லநாள் பெருநாளுக்குத்தான் திறப்பார். நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சன்னலால் பச்சைத் துண்டோடு வருவாள், நுழைவாள். பிறகு வயிறு முழுக்க மஞ்சள் மாவோடு வருவாள், நுழைவாள். ஒரு நாள் துவாரத்தின் வாயை வட்டங்களால் அடைத்துவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை. பச்சை காய்ந்து கபிலமாகி, தூசியும் படிந்து, தூரத்திலிருந்து பார்க்க மண் அப்பியது போலிருந்தது. "அம்மா திறக்கப் போகேக்க சொல்லுவம்" என்றீர்கள்.

நாம் சொல்வதற்கு முன் மாமா முடிவு கேட்க வந்துவிட்டார். "சொல்லைத் தாங்கோ அக்கா" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமி எழுந்து நடு அறைக்குப் போனார். வெள்ளித் தட்டத்தில் வெற்றிலை வைத்துக் கொடுத்தால் சொல் கொடுத்ததாகிவிடும். நான் கோப்பிக் கோப்பைகளோடு குசினி வாசலில் நின்றேன்.

திறப்பு நுழையவில்லை. மாமி குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "குளவி" என்றார். "குளவி கட்டியிருக்கு."

குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை தங்கும். கூட்டை உடைத்தால் தங்கியதும் கலையும். இது நம் ஊரில் எவருக்கும் தெரிந்த கதை. மாமா எழும்பி வந்தார்.

"எங்க, பாப்பம்."

"கிட்ட வராத. மூச்சுப் படக்கூடாது."

"மண்ணைக் காணேல்லையே அக்கா?"

"உனக்குக் கண் தெரியாட்டி நான் என்ன செய்ய? குளவி கட்டின வீட்டில நிண்டுகொண்டு மறுகலியாணக் கதை கதைக்கிறியே, வாயைக் கழுவு முதல்." பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். "எடி பிள்ளை, நீதானே உதுகளை எந்த நேரமும் பாத்துக்கொண்டு திரியிறனீ. சொல்லு. குளவிதானே?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மாமாவைப் பார்த்தீர்கள்.

"ஓம் அம்மா. குளவிதான்."

மாமா கோப்பியைக் குடித்தார். "அப்ப பொறுத்துப் பாப்பம்" என்று சால்வையை உதறிக்கொண்டு போனார்.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு பகிடிக் கதை, மச்சாள். ஆனால் அடுத்த கிழமையே உங்களுக்குப் புல்மோட்டைச் சம்பந்தம் வந்தது. தரகர் நல்ல வெயிலுக்குள் குடையோடு வந்து நின்றார். மாப்பிள்ளைக்கும் செவ்வாய், மணல் ஆலையில் வேலை, பிக்கல் பிடுங்கல் இல்லை. "ஆனா சாதகத்தைக் கெதியாத் தாங்கோ. வேற இடத்திலயும் கேட்டிருக்கினம்" என்றார். உங்கள் சாதகம் அலுமாரிக்குள். கணித்தவர் செத்துப் போய்விட்டார், பிரதி கிடையாது. மாமியின் முகத்தை நான் பார்த்தேன். மகளும் மருமகளும் ஒரே துவாரத்துக்குள் மாட்டிக்கொண்ட முகம்.

"கூட்டை உடைக்கேலாது" என்றார் மாமி. சொல்லிவிட்டுச் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிணற்றடியில் நான் உங்களைப் பிடித்தேன். "மச்சாள், உடையுங்கோ. அது குளவியில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"உடைச்சா மாமா அடுத்த பஸ்ஸில வந்து நிப்பார்."

"வந்தா வரட்டும்."

"வரட்டுமோ? பெட்டியைக் கட்டிக்கொண்டு சம்பூருக்கு வள்ளமேற நீ ஆயத்தமோ?"

"உங்கட கலியாணம் நிண்டு போகப் போகுது."

"அது இவ்வளவு காலமும் நிண்டுதானே கிடக்கு. நிண்டு பழகியிட்டுது."

பகிடியாகத்தான் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, நிரம்பி வந்த வாளியை மறுபடி கிணற்றுக்குள்ளேயே இறக்கினீர்கள். அந்த வாளியைப் பார்த்துத்தான், இதில் ஒருத்தி தோற்றே ஆகவேண்டுமா என்று கூட்டிக் கழிக்கத் தொடங்கினேன். அலுமாரிக்கு ஒரு வாசல்தான். அதை அடைத்தாயிற்று. ஆனால் அதற்கு முதுகும் இருக்கிறது.

"மச்சாள், அலுமாரியின்ர பின்பலகை ஆணிதானே?" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமி காளிகோயிலுக்குப் போனார். நாம் அலுமாரியைச் சுவரிலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். "மெதுவா, மெதுவா, உள்ளுக்க பிள்ளையள்" என்று நீங்கள் சொல்ல, எனக்குச் சிரிப்பில் பலமே போயிற்று. ஆணியைக் குறட்டால் பிடுங்கினால் அயல் முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா வேறு வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றார். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது மட்டும் இழுப்பது என்று முடிவு செய்தோம். கப்பலோ அன்றைக்கென்று ஊதுவதாயில்லை. குறடும் கையுமாகக் குந்திக்கொண்டு, "ஊதடா, ஊதித் துலையடா" என்று நீங்கள் கப்பலைத் திட்டினீர்கள்.

பலகை விலகியதும் என் கைதான் மெலிந்த கை என்று என்னை விட்டுத் துழாவச் சொன்னீர்கள். முதலில் கையில் பட்டது குளிர்ந்த வெள்ளித் தட்டம். அதைத் தள்ளிவிட்டு, மஞ்சள் துணியில் சுற்றிய ஓலையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். பிறகு இருவரும் பலகையை மறுபடி அடித்தோம். ஓர் ஆணி வளைந்துவிட்டது.

மாமி வெகு பிந்தித்தான் வந்தார். "சாதகம் பழைய பெட்டிக்குள்ள கிடந்தது அம்மா" என்றீர்கள். "அப்பிடியோ" என்று மட்டும் சொன்னார்.

பொருத்தம் சரி வந்தது. நாள் வைத்தார்கள். பந்தலுக்குக் கால் நடுகிற காலத்தில் ஒரு காலை துவாரத்தின் மூடியில் சின்ன ஓட்டை. நாம் இருவரும் முழங்காலில் இருந்து பார்த்தோம். வாசலோரத்து அறையில் இருந்ததுதான் முதலில் தலை நீட்டியது. நனைந்த முகம், பெரிய கண். வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சன்னலால் போய்விட்டது. அதன் பின்னாலிருந்தது அடுத்த நாள். ஆக உள்ளே இருந்தவை கடைசியாக வந்தன. முன்னாலிருப்பது போகும்வரை பின்னாலிருப்பது இருட்டுக்குள் காத்திருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். எவர் சொல்லிக் கொடுத்ததாம் அந்தப் பொறுமையை?

உங்கள் கலியாண வீட்டில் மாமா விடவில்லை. எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். "குளவி பறந்திட்டுதாமே அக்கா. எங்க பிள்ளை?"

மாமி பாக்கு வெட்டுவதை நிறுத்தவில்லை. "குளவி கட்டினா வீட்டுக்கு ஆள் வரும் எண்டுதானே சொல்லுறது? மருமகன் வந்திட்டார். பிறகென்ன? உனக்குச் சோறு போட்டாச்சோ?"

பந்தலே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அதன்பின் அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. மூத்தவளையும் அடுத்த தைக்குள் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் புல்மோட்டைக்குப் போன மறுநாள், வீடு வெறிச்சென்று கிடக்க, நானும் மாமியும் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தோம். அலுமாரிக்கு முன்னால் காய்ந்த இலைச் சக்கைகள் கிடந்தன. மாமி அவற்றைக் கையில் பொறுக்கிப் பார்த்தார்.

"உந்தத் தையல்காரி நல்ல வேலைகாரிதான்" என்றார்.

எனக்குத் தும்புத்தடி கையிலிருந்து விழுந்தது. அந்தப் பேர் நம் இருவருக்கும் மட்டும் தெரிந்தது என்றல்லவா இருந்தேன்.

"மாமி, உங்களுக்கு அது குளவியில்லை எண்டு..."

"நான் என்ன கண் தெரியாதவளே? என்ர தகப்பன் வீட்டுக் கூரை வளை முழுக்க உதுகள்தான். தம்பிக்காரனுக்கு முகத்துக்கு நேர ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. திறப்பு நுழையேல்லை, அம்மாளாச்சி வழி விட்டா எண்டு பிடிச்சுக்கொண்டன். பிறகு அவளின்ர சாதகம் எண்டு வரேக்கைதான் நெஞ்சு இடிச்சுது." சக்கைகளை முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தார். "அண்டைக்கு நான் ஏன் மத்தியானப் பூசை முடிஞ்சும் கோயிலில குந்திக்கொண்டிருந்தனான் எண்டு நினைக்கிறாய்? கால் நோவே? பின்பலகையில ஆணி ஒண்டு வளைஞ்சு கிடக்கு. உன்ர மனுசனைக் கொண்டு நேராக்கு."

இதைக் கடிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மாமியின் செத்தவீட்டுக்கு நீங்கள் வந்தபோதுதான், கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். அழுது சிவந்த கண்ணோடு நீங்கள் சிரிக்கத் தொடங்கி, எனக்கும் தொற்றி, வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு இருவரும் சுவரோடு சாய்ந்து நின்றோம். மூன்று பொம்பிளைகள் ஒரே பொய்யைத் தனித்தனி அறையில் வைத்துக் காத்து வந்திருக்கிறோம், மச்சாள்.

பிள்ளை எனக்கு வரவில்லை. கடவுளிடம் அதைக் கேட்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. போன வருடம் ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு நீங்கள் கேட்டீர்கள்: "இன்னும் கேக்கிறியோ பிள்ளை?" இல்லையென்று தலையாட்டினேன். "அப்ப கோயிலுக்குப் போய் என்னத்தைக் கேக்கிறனீ?" உங்கள் எல்லாரையும் கேட்கிறேன் என்றேன். நீங்கள் என் கையை எடுத்து உங்கள் கைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு இன்றும் கோயிலுக்குப் போனேன். ஐயர் புதியவர், இளவயது. நம் வீட்டுக் கதை ஒன்றும் அறியாதவர். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ அம்மா" என்றார். சொல்லத் தொடங்கினேன். உங்கள் தம்பி. உங்கள் மகள், மகன். அவர்களின் தகப்பன். இந்த வீட்டாரின் பேர்களை இந்தச் சந்நிதியில் சொல்ல, மாமா கேட்டபடி நடந்திருந்தால், இன்று வேறொருத்தி நின்றிருப்பாள். நான் நின்று சொல்கிறேன். அந்த நினைப்பில் வாய் தன் பாட்டுக்கு ஓடி, எந்நாளும் போல உங்கள் பேரையும் சொல்லி, உத்தரட்டாதி என்றும் சொல்லிவிட்டது.

அர்ச்சனை இருக்கிறவர்களுக்குத்தான். போனவர்களுக்குத் திதி வேறு, விளக்கு வேறு. எனக்குத் தெரியாததல்ல. ஐயர் உங்கள் பேரைக் கணீரென்று சொல்லி, நீங்கள் நீடூழி வாழவேண்டுமென்று பூவை எடுத்துப் போட்டார். இடைமறித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை கூப்பியபடி கேட்டுக்கொண்டு நின்றேன்.

கணக்கில் ஒரு சதம் பிழைத்தாலும் திருத்தாமல் படுக்கப் போகாதவள் நான். உங்களுக்குத் தெரியும். அடுத்த வெள்ளியும் அந்த ஐயர் கேட்பார், என் வாய் என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஒரு பிழையைத் திருத்த எனக்கு ஏலாது, மச்சாள்.